வோட்டு வாங்காத எஜமானர்கள்



புதுச்சேரிக் கடற்கரைக்குப் பக்கத்தில், பாரதி பூங்காவுக்கு எதிரே, ஒரு வெள்ளை மாளிகை நிற்கிறது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் கவர்னரின் மாளிகை அது. சங்கம் வைக்கும் உரிமையும் எட்டு மணி நேர வேலையும் கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்களை 1936 ஜூலை 30ந் தேதி பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. பன்னிரண்டு தோழர்கள் மாண்டார்கள். அந்தத் துப்பாக்கிகளை ஏவிய ஆட்சிக்குத் தலைமைப் பீடமாக இருந்தது அந்த மாளிகைதான். சிந்திய ரத்தம் வீண் போகவில்லை. 1937ல் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது.

1954 நவம்பர் 1ந் தேதி பிரெஞ்சுக் கொடி இறங்கியது. நம் கொடி ஏறியது. நாம் ஆனந்தக் கண்ணீர் வடித்தோம். மாளிகை மட்டும் அப்படியே நின்றது. ராஜ் நிவாஸ் என்று பெயர் வைத்து அதில் லெப்டினன்ட் கவர்னரைக் குடியேற்றினார்கள். பாரிஸ் அனுப்பிய ஆள் போய், தில்லி அனுப்பிய ஆள் வந்தார். அவரை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா? இல்லை. பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் தோற்கடிக்க உங்களால் முடியுமா? முடியாது. அவர் ஜனாதிபதியின் பிரதிநிதி. தில்லி சர்க்கார் கை காட்டுகிறவரை ஜனாதிபதி நியமிப்பார். தில்லி வேண்டாம் என்றால் அவர் போய்விடுவார். இடையில் நாம் யார்? வெறும் பார்வையாளர்கள்!

இந்த நாற்காலியைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். அதில் உட்கார்ந்த பலரில் ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அவர் கிரண் பேடி அம்மையார். 2016 மே முதல் 2021 பிப்ரவரி வரை இங்கே லெப்டினன்ட் கவர்னராக இருந்தவர். கெட்டவர் என்பதற்காக அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாடெங்கும் நல்ல பேர் வாங்கியவர் என்பதற்காகவே தேர்ந்தெடுத்தோம். நல்ல பேர் வாங்கியவரே அந்த நாற்காலியில் அமர்ந்ததும் ஏழையின் அரிசிப் பானையில் கை வைத்தார் என்றால், கோளாறு எங்கே இருக்கிறது என்பதைத் தோழர்கள் தாங்களே தெரிந்துகொள்ளலாம்.

போலீஸ் உடுப்பிலிருந்து மாளிகை வரை

1949ல் அமிர்தசரஸில் பிறந்தவர் கிரண் பேடி. வாலிபத்தில் டென்னிஸ் ஆட்டத்தில் பரிசுகள் வாங்கியவர். 1972ல் இந்தியப் போலீஸ் சர்வீஸில் சேர்ந்த முதல் பெண் அதிகாரி ஆனார். பெண்ணை அடுப்படியிலேயே பூட்டி வைக்க நினைக்கும் நாட்டில் இது சாதாரணக் காரியம் அல்ல. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். 1982ல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது தில்லியின் போக்குவரத்தைக் கவனித்தார். சட்டத்தை மீறி நிறுத்திய கார்களைக் கிரேன் வைத்துத் தூக்கியதால் ‘கிரேன் பேடி’ என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. 1993ல் தில்லி சிறைகளின் தலைமை அதிகாரியானார். திஹார் சிறையில் கைதிகளுக்குப் படிப்பும் தியானமும் கொண்டுவந்தார். 1994ல் மகசேசே பரிசு கிடைத்தது.

பத்திரிகைகள் அதிகம் பேசாத மறுபக்கமும் இருக்கிறது. 1988 ஜனவரியில் தில்லி தீஸ் ஹஸாரி நீதிமன்றத்தில், ஒரு வக்கீலுக்குக் கைவிலங்கு பூட்டியதைக் கண்டித்துக் கூடிய வக்கீல்கள் மீது தடியடி நடந்தது. அந்தப் பகுதியின் போலீஸ் அதிகாரி இவர்தான். பின்னர் விசாரித்த வாத்வா கமிஷன் இவரைக் கண்டித்தது. உத்தரவு போடுகிற கைக்கு, எதிர்த்துக் கேட்கிற வாய் பிடிக்காது. உடுப்பைக் கழற்றினாலும் அந்தப் பழக்கம் கழறுவதில்லை.

தில்லிப் போலீஸ் கமிஷனர் பதவி தமக்குக் கிடைக்காமல் போனதும் 2007ல் விருப்ப ஓய்வு பெற்றார். 2011ல் அண்ணா ஹசாரேயின் லஞ்ச ஒழிப்புக் கிளர்ச்சி மேடையில் முன்வரிசையில் நின்றார். 2015 ஜனவரியில் பாரதிய ஜனதாக் கட்சியில் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களிலேயே அவர்தான் தில்லியின் முதல் மந்திரி வேட்பாளர் என்று அறிவித்தார்கள்.

தில்லி ஜனங்கள் என்ன தீர்ப்புச் சொன்னார்கள்? எழுபது இடங்களில் அந்தக் கட்சிக்கு மூன்றே மூன்று இடம் கொடுத்தார்கள். கிருஷ்ணா நகர் தொகுதி அக்கட்சியின் கோட்டை என்று பேர் பெற்றது. அங்கேயே கிரண் பேடி 2,277 வோட்டில் தோற்றார். தில்லிக்காரன் வேண்டாம் என்று சொன்ன பதினைந்தாவது மாதம், 2016 மே மாதத்தில், அவரைப் புதுச்சேரிக்காரன் தலையில் கொண்டுவந்து வைத்தார்கள். அங்கே வாசல் வழியாக வர முடியாதவர், இங்கே கூரையைப் பிரித்து இறக்கப்பட்டார்!

அதே மாதத்தில்தான் புதுச்சேரி ஜனங்களும் வோட்டுப் போட்டார்கள். காங்கிரசுக்குப் பதினைந்து இடம், தி.மு.க.வுக்கு இரண்டு இடம் கிடைத்தது. பாரதிய ஜனதாவுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. ஒரு இடமும் கிடைக்காத கட்சியின் சர்க்கார் அனுப்பிய ஆள், பதினேழு இடம் வாங்கிய மந்திரி சபையின் மேல் உட்கார்ந்தார். இதற்குப் பேர் ஜனநாயகமாம்!

அரிசிப் பானையில் விழுந்த கை

புதுச்சேரியில் சிவப்பு அட்டைக்கு மாதம் 20 கிலோவும் மஞ்சள் அட்டைக்கு 10 கிலோவும் இலவச அரிசி என்பது திட்டம். இதை யாரும் தர்மமாகக் கொடுக்கவில்லை. நெசவு ஆலையிலும் நெல் வயலிலும் நாம் உழைத்துக் கொடுத்ததில் ஒரு பிடி திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

2018 ஏப்ரலில் லெப்டினன்ட் கவர்னர் ஒரு உத்தரவு போட்டார். கிராமத்தில் திறந்தவெளியில் மலம் கழிப்பவர் யாரும் இல்லை, குப்பை இல்லை என்று எம்.எல்.ஏ.வும் கொம்யூன் கமிஷனரும் சேர்ந்து சான்று கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் அந்த ஊருக்கு இலவச அரிசி!

அந்தச் செய்தி வந்த நேரத்தில் பாகூர்ப் பக்கம் நாற்றங்கால் வேலை செய்யும் ஒரு அம்மாள் நம்மைப் பார்த்துக் கேட்டார்: “ஏன் தோழரே, எங்களுக்கு வூடே புறம்போக்குல நிக்குது. கக்கூசு எங்க கட்டறது? கக்கூசு இல்லன்னா சோறு திங்கக்கூடாதா?” தில்லிப் பட்டதாரிகள் யாரும் இதற்குப் பதில் சொல்லவில்லை. மனைப்பட்டா கொடுக்காத சர்க்கார், தண்ணீர்க் குழாய் போடாத சர்க்கார், துப்புரவுத் தொழிலாளியைப் போதுமான எண்ணிக்கையில் வைக்காத சர்க்கார், தன் குற்றத்துக்குத் தண்டனையாக ஏழையின் சோற்றை நிறுத்தப் பார்த்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் எண்ணம் நிற்கவில்லை.

அடுத்து வேறு வழியில் வந்தார்கள். அரிசி வேண்டாம், பணமாக வங்கியில் போடுவோம் என்றார் கவர்னர். அரிசியாகத்தான் வேண்டும் என்றது மந்திரி சபை. சட்டசபையும் அதையே சொன்னது. கவர்னர் அபிப்பிராய பேதம் என்று எழுதித் தில்லிக்கு அனுப்பினார். தில்லி கவர்னர் பக்கம் சாய்ந்தது. முதல் மந்திரி நாராயணசாமி உயர் நீதிமன்றம் போனார். 2020ல் அந்த மனுவும் தள்ளுபடியானது. வோட்டுப் போட்டவன், வோட்டு வாங்கியவன், சட்டசபை எல்லாம் ஒரு பக்கம். வோட்டு வாங்காத ஒருவர் மறு பக்கம். ஜெயித்தது யார் என்று பாருங்கள்!

பணம் கொடுத்தால் என்ன குறை என்று சில படித்தவர்கள் கேட்கிறார்கள். கிலோவுக்கு 30 ரூபாய் கணக்கில் 20 கிலோவுக்கு 600 ரூபாய் கொடுத்தார்கள். அந்த 30 ரூபாய்க்குத் தின்னத் தகுந்த அரிசி எந்தக் கடையில் கிடைக்கிறது? விலை ஏறினால் அரிசி மூட்டை இளைக்காது, பணம்தான் இளைக்கும். பணம் வங்கிக்குப் போகிறது. அங்கே பழைய கடன் காத்திருக்கிறது. வீட்டில் சாராயத்துக்குப் பணம் கேட்கும் ஆணும் காத்திருக்கிறான். அரிசி நேராகப் பானைக்குப் போகும், பணம் நேராகப் பானைக்குப் போகாது. இதைத் தெரிந்துகொள்ள மகசேசே பரிசு வேண்டாம். ஒரு மாதம் ரேஷன் வரிசையில் நின்றால் போதும்.

இலவச அரிசியில் ஊழல் நடக்கிறது, மட்ட ரக அரிசி போடுகிறார்கள் என்று பதில் வந்தது. நடந்திருக்கலாம். அதை முதலில் சொன்னவர்களே நாம்தான். திருடனைப் பிடித்து உள்ளே தள்ளுங்கள், நாமும் கூட நிற்கிறோம். ஆனால் திருடன் புகுந்தான் என்று கடையையே சாத்துவதா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான் இது. ரேஷன் கடைகள் சாத்திக் கிடந்தன. அங்கே வேலை பார்த்தவர்கள் சம்பளம் இல்லாமல் தெருவில் நின்றார்கள். 2024 அக்டோபரில்தான் கடைகளை மீண்டும் திறந்தார்கள்.

மூன்று பேர் எப்படி வந்தார்கள்?

புதுச்சேரிச் சட்டசபைக்கு ஜனங்கள் தேர்ந்தெடுப்பது முப்பது பேரை. அதற்கு மேல் மூன்று பேர் வரை மத்திய சர்க்கார் நியமிக்கலாம் என்று 1963ம் வருஷத்து யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம் சொல்கிறது. 2017ல் தில்லி மூன்று பேரை நியமித்தது. மூவரும் பாரதிய ஜனதாக்காரர்கள். மந்திரி சபையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சபாநாயகர் பதவிப் பிரமாணம் செய்து வைக்கட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. ஜூலை 4ந் தேதி இரவில் ராஜ் நிவாசிலேயே கிரண் பேடி பிரமாணம் செய்து வைத்தார். விடிகிற வரை பொறுக்க முடியாத அவசரம் என்ன? 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் இந்த நியமனம் செல்லும் என்று சொல்லிவிட்டது. சட்டமே அப்படி எழுதப்பட்டிருக்கும்போது கோர்ட் வேறென்ன சொல்லும்?

நியமன உறுப்பினர்கள் என்ன செய்தார்கள் என்பது 2021 பிப்ரவரியில் தெரிந்தது. காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் ஒருவர் பின் ஒருவராக ராஜினாமாச் செய்தார்கள். கடைசியில் சபாநாயகரையும் சேர்த்து ஆளும் தரப்பில் 12 பேர் மிஞ்சினார்கள். எதிர்த் தரப்பில் 14 பேர். அந்தப் பதினான்கில் ஜனங்கள் அனுப்பியவர்கள் 11 பேர்தான். மற்ற மூவரும் தில்லி நியமித்தவர்கள். பிப்ரவரி 22ந் தேதி வாக்கெடுப்புக்கு முன்பே நாராயணசாமி வெளியேறி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். தோழர்களே, கூட்டிக் கழித்துப் பாருங்கள். நீங்கள் வோட்டுப் போட்டு அமைத்த சர்க்காரைக் கவிழ்க்க, நீங்கள் வோட்டே போடாத மூன்று கைகள் காத்திருந்தன.

காங்கிரசின் யோக்கியதையையும் நாம் மறைக்க மாட்டோம். விலை போகிற ஆட்களுக்கு டிக்கெட் கொடுத்தது யார்? அந்தக் கட்சிதான். 2019 பிப்ரவரியில் முதல் மந்திரி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ராஜ் நிவாஸ் வாசலில் ஆறு நாள் தர்ணா இருந்தார். நியாயமான போராட்டம்தான். ஆனால் கோப்பு இங்கே கிடந்தது, அங்கே கிடந்தது என்று மாளிகையும் மந்திரி சபையும் இழுத்துக்கொண்டிருந்த அந்த வருஷங்களில்தான் மில் வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 1898ல் தொடங்கி, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஏ.எஃப்.டி. மில் 2020 ஏப்ரல் 30ந் தேதி மூடப்பட்டது. கொரோனா ஊரடங்கில் ஊரே கதவடைத்துக் கிடந்த நேரம் அது. மில் வாசலில் கூடி நின்று ஒரு கோஷம் போடக்கூட முடியாத நேரம் பார்த்து மூடினார்கள். மாளிகைக்கு எதிராக ஆறு நாள் தெருவில் படுத்த முதல் மந்திரி, மில்லுக்காக ஒரு இரவு படுத்ததுண்டா?

சவுக்குக்கும் ஒரு நாள் வரும்

கிரண் பேடியின் கதை எப்படி முடிந்தது? 2021 பிப்ரவரி 16ந் தேதி, தேர்தல் நெருங்கிய நேரத்தில், ஜனாதிபதி மாளிகையிலிருந்து ஒரு அறிக்கை வந்தது. அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். விளக்கம் இல்லை, விசாரணை இல்லை. ஜனங்களின் கோபம் தேர்தலில் தம் கட்சி மேல் பாயும் என்று தில்லி கணக்குப் போட்டது என்றே நாம் கருதுகிறோம். ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று இருந்தவரால், எஜமானிடம் ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. அடிக்கிற சவுக்குக்குத் தனி மரியாதை எதுவும் கிடையாது. வேலை முடிந்தால் மூலையில் எறிவார்கள்.

அடுத்துத் தமிழிசை சௌந்தரராஜன் பொறுப்பேற்றார். நம் பாஷை பேசினார், சிரித்த முகமாக இருந்தார். தேர்தல் நடந்து 2021 மே 7ந் தேதி ரங்கசாமி முதல் மந்திரியானார். சில நாட்களுக்குள் அவர் கொரோனாவில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, மே 10ந் தேதி தில்லி மறுபடியும் மூன்று பாரதிய ஜனதாக்காரர்களை நியமித்தது. இத்தனைக்கும் ரங்கசாமி அவர்களின் கூட்டாளி! கூட்டாளிக்கே அந்த மரியாதை என்றால் கூலிக்காரனுக்கு என்ன மரியாதை? ஆள் மாறினார், பாஷை மாறியது. நாற்காலி மாறவில்லை.

கடலுக்கு அப்பாலும் இதே நாற்காலி

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. மகுடம் தூரத்தில் இருந்துகொண்டு, பிரதிநிதியை அனுப்பி ஆளும் இடமெல்லாம் இதே கதைதான். கரீபியன் கடலைப் பாருங்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து 1850களில் தொடங்கி நம் ஜனங்களைக் கப்பலேற்றி, மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோன கடல் அது.

அந்தப் பக்கத்தில் பிரிட்டிஷ் கயானா. அங்கேயும் கரும்புத் தோட்டக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டுபோயிருந்தார்கள். தோட்டத் தொழிலாளியின் மகன் சேதி ஜகன். 1953 ஏப்ரல் தேர்தலில் அவருடைய கட்சி 24 இடங்களில் 18 இடங்களைப் பிடித்தது. தோட்ட முதலாளிகள் நடுங்கினார்கள். 133 நாட்கள்தான் பொறுத்தார்கள். பிரிட்டிஷ் பட்டாளம் இறங்கியது. அரசியல் சட்டத்தை நிறுத்தி வைத்து, மந்திரிகளை வெளியேற்றி, எல்லா அதிகாரத்தையும் கவர்னர் கையில் கொடுத்தார்கள்.

அடுத்து கிரனடா என்ற குட்டித் தீவு. இங்கிலாந்து ராணியின் பிரதிநிதி, கவர்னர் ஜெனரல் பால் ஸ்கூன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து 1978ல் அந்தப் பதவிக்கு வந்தவர். 1979ல் மாரிஸ் பிஷப் தலைமையில் புரட்சி நடந்தது. புரட்சிக்காரர்கள் பழைய அரசியல் சட்டத்தைத் தள்ளி வைத்தார்கள். ஆனால் கவர்னர் ஜெனரலை, வெறும் அலங்காரம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்தார்கள். 1983 அக்டோபரில் சொந்தத் தோழர்களுக்குள் ஏற்பட்ட நாசகரமான பிளவில் பிஷப் கொல்லப்பட்டார். அக்டோபர் 25ந் தேதி அமெரிக்கப் பட்டாளம் இறங்கியது. எந்த அதிகாரத்தில் இறங்கினாய் என்று உலகம் கேட்டபோது, அமெரிக்கா ஒரு கடிதத்தைக் காட்டியது. படையை அழைத்து எழுதிய அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் பால் ஸ்கூன்! படை இறங்கிய பிறகுதான் அந்தக் கையெழுத்து வாங்கப்பட்டது என்று அன்று முதல் சந்தேகம் உண்டு. ஐ.நா. பொதுச் சபை 108 வோட்டுகளுக்கு 9 என்ற கணக்கில் அந்தப் படையெடுப்பைக் கண்டித்தது. அலங்காரம் என்று விட்டுவைத்த நாற்காலி, நெருக்கடி வந்த அன்று யாருக்குப் பயன்பட்டது என்று கவனியுங்கள்.

‘ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்குக் கவர்னர் எதற்கு’ என்று அண்ணாதுரை கேட்டது தமிழ்நாட்டில் பிரசித்தம். தாடி வீண் என்பதோடு அவர் விட்டுவிட்டார். நாம் அதற்கு மேலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆட்டின் தாடி புல்லைத் தின்னாது. புதுச்சேரியில் ஒட்ட வைத்த தாடியோ ஆட்டின் புல்லையே தின்றது!

இது ஒரு கட்சியின் குற்றம் மட்டுமா? அல்ல. 1959 ஜூலை 31ந் தேதி, கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். மந்திரி சபையைக் கவர்னரின் அறிக்கையைக் காட்டிக் கலைத்தது காங்கிரஸ் சர்க்கார். 1963ல் புதுச்சேரிக்கு இந்தச் சட்டத்தை எழுதியதும் காங்கிரஸ் சர்க்கார்தான். அபிப்பிராய பேதம் வந்தால் தில்லியின் முடிவே முடிவு, அவசரம் என்றால் பதில் வரும்வரை கவர்னரே உத்தரவு போடலாம் என்று அதில் எழுதி வைத்தார்கள். காங்கிரஸ் தீட்டி வைத்த கத்தி, பாரதிய ஜனதா கைக்கு வந்ததும் காங்கிரஸ் கழுத்துக்கே வந்தது. முதலாளி வர்க்கக் கட்சிகள் இதிலிருந்து பாடம் படிக்குமோ என்னமோ, தொழிலாளி வர்க்கம் படித்தாக வேண்டும்.

கவர்னர் நேர்மையானவர், குப்பையை அள்ளச் சொன்னார், வாய்க்காலைத் தூர் வாரச் சொன்னார் என்று இன்னும் சொல்கிறார்கள். குப்பை அள்ளச் சொன்னது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். நல்லது செய்தால் நன்றி சொல்லலாம். கெட்டது செய்தால் நம் கையில் என்ன இருக்கிறது? மோசமான எம்.எல்.ஏ.வை ஐந்து வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பலாம். மோசமான கவர்னரை? நல்ல எஜமான் கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொள்வது அடிமைக்கு அழகு. எஜமானே வேண்டாம் என்பதுதான் 1936ல் மாண்ட பன்னிரண்டு தோழர்களும் நமக்கு விட்டுச் சென்ற சொத்து.

கரீபியனில் பார்படாஸ் என்ற தீவு 2021 நவம்பர் 30ந் தேதி ராணியின் பிரதிநிதி பதவியை ஒழித்துக் குடியரசானது. ராணிக்குப் பதில் தன் பார்லிமெண்ட் தேர்ந்தெடுத்தவரைத் தலைவராக வைத்தது. அதனால் மட்டும் அங்கே தோட்டத் தொழிலாளியின் கூலி ஏறிவிடாது. ஆனால் கூலிக்காகப் போராடும்போது குறுக்கே நிற்க ஒரு ஆள் குறைந்தது. அந்தச் சின்னத் தீவு செய்ததைப் புதுச்சேரி செய்ய முடியாதா?

முழு மாநில அந்தஸ்து கேட்டுப் புதுச்சேரிச் சட்டசபை பல தடவை தீர்மானம் போட்டது. 2023 மார்ச்சிலும் போட்டது. தீர்மானங்கள் தில்லி மேஜையில் தூசி படிந்து கிடக்கின்றன. காகிதத்தால் மட்டும் காரியம் நடக்காது. எட்டு மணி நேர வேலையை யாரும் தீர்மானம் போட்டு வாங்கவில்லை. மில்லைப் பிடித்து உட்கார்ந்து, நெஞ்சைக் காட்டி வாங்கினோம்.

ஆகவே தோழர்களே, மாநில அந்தஸ்து என்பது மந்திரிகளின் கோப்புச் சண்டை என்று ஒதுங்க வேண்டாம். அது உங்கள் அரிசிச் சண்டை, உங்கள் மில் சண்டை. மில் தொழிலாளியும் பாகூர், வில்லியனூர் விவசாயத் தொழிலாளியும் ஒன்றாக நின்று கேட்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

புதுச்சேரிக்கு முழு மாநில அந்தஸ்து கொடு!

வோட்டு வாங்காத நியமன உறுப்பினர் பதவியை ஒழி!

எல்லா ரேஷன் கடைகளிலும் மாதம் தவறாமல் அரிசி போடு!

மூடிய மில்களின் தொழிலாளர்களுக்குச் சேர வேண்டிய பாக்கியைக் கொடு! மில் நிலத்தில் வேலை தரும் பொதுத்துறை ஆலை அமை!

உழைக்கும் ஜனங்களின் ஒற்றுமை ஓங்குக!